கன்டினியூட்டியில் ஒரு மீசை

ஜூன் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஸ்டுடியோவின் மூன்றாம் தளத்தில் போடப்பட்டிருந்த சலூன் செட்டில், ஒரு துணை நடிகருடைய மீசையின் வலது பாதி மழிக்கப்பட்டது. இடது பாதியில் கத்தி வைப்பதற்கு முன் ‘கட்’ சொல்லப்பட்டது.

அந்த மீசைக்கு உரியவரைத் தொழிலில் எல்லோரும் ‘மீசை’ என்றே கூப்பிட்டார்கள். வேறு பெயர் இருந்தது. அது சங்க அட்டையில் மட்டும் பயன்பட்டது. அதே அட்டையில் ‘துணை நடிகர்’ என்றும் அச்சிட்டிருந்தது. தளத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. கூட்டம் என்பார்கள். கூட்டம் வந்தாச்சா, கூட்டத்தை ஓரமா உக்கார வை, கூட்டம் ஏன் சிரிக்குது. ஒரே ஒரு ஆள் வந்திருந்தாலும் அவர் கூட்டம்தான்.

கூட்டத்தின் வேலை விடியற்காலையில் வந்து உட்கார்வது. எங்கே உட்கார்வது என்பதுதான் சிக்கல். செட்டில் நாற்காலிகள் நிறைய இருக்கும். ஆனால் அவை நடிக்கும் நாற்காலிகள். துணிமூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவிக் கொடுப்பார்கள். அதன் அக்குளில் நேற்று அதைப் போட்டிருந்தவரின் உழைப்பு இன்னும் ஈரமாக இருக்கும். பிறகு காத்திருக்க வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. கூப்பிட்டால் எழுந்து போய், பேசுவது போல வாயை அசைத்து, சத்தம் வராமல் பேச வேண்டும். மீசைக்கு இது பழகிப் போய், வீட்டிலும் சில நேரம் உதடு மட்டும் அசையும். என்ன சொன்னீங்க என்று மனைவி கேட்டால், எதுவும் சொல்லவில்லை என்பார். அதுவும் உண்மைதான்.

முகம் கேமராவில் பளிச்சென்று பதிந்துவிட்டால் அந்தப் படத்தில் அவருக்கு வேறு வேலை கிடையாது. பார்க்கிறவர்கள் அடையாளம் கண்டுவிடுவார்களாம். ஆகவே முகத்தைக் காட்டாமல் நிற்கத் தெரிந்தவருக்குத்தான் பிழைப்பு. மீசை அதில் தேர்ந்தவர். ஒரே படத்தில் காலையில் ஒருவரின் சாவுக்கு அழுதுவிட்டு, மதியம் அதே ஆளின் கல்யாணத்தில் கைதட்டியிருக்கிறார். இரண்டிலும் முதுகுதான் தெரியும். மீசை தேவைப்படும் இடங்களில் மட்டும், கான்ஸ்டபிளாகவோ அடியாளாகவோ, ஒரு ஓரமாகப் பக்கவாட்டில் நிற்பார்.

அவருடைய ஒரே மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

சலூன் காட்சி இதுதான். ஹீரோ ஒரு ரௌடியைத் துரத்திக்கொண்டு சலூனுக்குள் நுழைகிறார். அங்கே சவரம் செய்துகொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர் பாதி மீசையோடு திகைத்துப் போகிறார். வாடிக்கையாளர் பாதி மீசையோடுதான் திகைக்க வேண்டும் என்பது டைரக்டரின் யோசனை. அவர் உலகத்துப் படங்களையெல்லாம் பார்த்தவர். தன் படத்தில் ஒரு முடிகூடப் பொய் கிடையாது என்று அந்த மாதம்தான் மூன்று பேட்டிகளில் சொல்லியிருந்தார். ஒட்டு மீசைக்கு இடமில்லை. உண்மையான சலூன்காரர் ஒருவரையே கூட்டிவந்து, உண்மையான மீசையில் கத்தி வைத்தார்கள். ஹீரோவின் தலையில் இருப்பதும் முடிதான் என்பது யூனிட்டின் அதிகாரபூர்வமான நிலை. காற்றடிக்கும் காட்சிகளில் மட்டும் அந்த நிலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

முதல் ஷாட் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது ஷாட்டுக்கு முன் ஹீரோவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. உள்ளூர் மருத்துவர்கள் பார்க்கக் கூடிய கழுத்து இல்லை அது. மாலைக்குள் அவர் வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். படப்பிடிப்பு, தேதி சொல்லாமல், தள்ளிவைக்கப்பட்டது.

சலூன்காரர் நியாயமான மனிதர். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே, இன்னொரு பக்கத்தையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். மீசை தலையாட்டுவதற்குள் கன்டினியூட்டி ஓடி வந்தார்.

ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையில் உலகம் மாறாமல் பார்த்துக்கொள்வது கன்டினியூட்டியின் பொறுப்பு. டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, ஹீரோவின் சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். இருபது வருடமாக இதைச் செய்வதால் மாற்றம் என்பதையே அவர் ஒரு குற்றமாகப் பார்த்தார். நாற்காலிக்கு முன்னால் விளக்கு ஸ்டாண்டு மறித்துக்கொண்டிருந்தது. அதனால் பின்னால் நின்று, கேமராவைத் தூக்கிப் பிடித்து, முகத்தைப் படம் எடுத்தார். பிறகு சலூன்காரரின் கையிலிருந்து கத்தியை வாங்கி மடக்கினார்.

“இனிமே இது உங்க மீசை இல்ல. ஃபிரேம்ல வந்தாச்சு. ஃபிரேம்ல வந்தது எல்லாம் கம்பெனி சொத்து.”

இருக்கிற பாதியைச் சொல்றீங்களா என்று மீசை கேட்டார்.

“இல்லாத பாதியையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

விதிகள் அங்கேயே அறிவிக்கப்பட்டன. இல்லாத பாதியைத் தினமும் மழித்து, இல்லாமலே வைத்திருக்க வேண்டும். இருக்கிற பாதி வளரவும் கூடாது, குறையவும் கூடாது. வெயிலில் அலையக் கூடாது. உடம்பு இளைக்கக் கூடாது. அதிகம் சிரித்தால் கன்னத்தில் கோடு விழும் என்பதால் அதிலும் நிதானம் தேவை. கடைசி விதி ஒன்றைத்தான் அவரால் சிரமமில்லாமல் கடைப்பிடிக்க முடிந்தது.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“அவன் பாதியில விட்டா விடட்டும். உக்காருங்க, மீதிய நான் எடுக்கறேன்.”

எடுத்தால் சங்க அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவர் விளக்கினார். அவள் ஸ்டூலைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

“குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலன்னு சொல்லிக்குவாங்க. உங்களுக்கு அப்படிச் சொல்லிக்கக்கூடப் பாதிதான் இருக்கு.”

வேறு வேலைக்குப் போகலாமென்றால் ஏஜென்ட் கையை விரித்தார். கூட்டத்துக்கு ஆள் பிடித்துத் தருபவர் அவர். பாதி மீசைக்கு எந்தக் கதையிலும் வேலை இல்லை என்றார். ஆனாலும் பழகிய ஆள் என்பதால் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு படத்தில் மீசையை இடப்பக்கம் காட்டி கான்ஸ்டபிளாக நிறுத்தினார். அதே படத்தில் வலப்பக்கம் காட்டி, மீசையில்லாத கைதியாக உட்கார வைத்தார். இரண்டும் நன்றாக வந்தன. நான்காம் நாள் அந்தக் கான்ஸ்டபிள் அந்தக் கைதியை இழுத்துக்கொண்டு போகும் காட்சி எடுக்க வேண்டியிருந்தது. அன்று மதியமே மீசை வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாரம் ஒருமுறை ஓர் உதவி இயக்குநர் அளவுகோலோடு வீட்டுக்கு வந்தார். மூக்கின் நடுவிலிருந்து மீசை நுனி வரை அளந்து, திருப்தியாகத் தலையசைத்து, டீ குடித்துவிட்டுப் போனார். சினிமாவில் அவர் பெற்ற முதல் சுயமான பொறுப்பு அது. அவர் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாலை கல்யாண விஷயமாகப் பேச வந்தார்கள். மீசை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். டீ வந்தது. கைக்குட்டையை எடுக்காமல் டீ குடிக்கும் உத்தி எந்தத் தொழிலிலும் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, மீசையின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு? அந்தப் பக்கம் கை கால் மரத்துப்போகுதா?”

மீசை சினிமாவைப் பற்றிச் சொன்னார். ஹீரோவின் கழுத்தைப் பற்றிச் சொன்னார். சம்பந்தியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நாற்பது வருட சேவையில் நோயாளிகள் சொல்லும் கதைகளை அவர் நிறையக் கேட்டவர். இது பரவும் சமாச்சாரம், அசட்டையாக விடக் கூடாது என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு களிம்பு எடுத்துக் கொடுத்தார். புறப்படும்போது மீசையின் மனைவியைத் தனியாக அழைத்து, கல்யாணத்தன்று அவர் மேடைக்கு வந்து சிரமப்பட வேண்டாம், ஃபோட்டோ எடுக்கும்போது உள்ளறையில் ஓய்வாக இருக்கட்டும், சொந்தக்காரர்கள் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகள் எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்க நடிச்ச படம் எல்லாத்தையும் பார்த்திருக்கேன். ஒண்ணுலயும் உங்க மூஞ்சி தெரியாது. தோளை வச்சு, நடையை வச்சு இதுதான் எங்கப்பான்னு கண்டுபிடிப்பேன். என் கல்யாண ஆல்பத்துலயும் நான் அப்படித் தேடணுமா?”

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“ரெண்டு பக்கமும் வைங்க, இல்ல ரெண்டு பக்கமும் எடுங்க. பாதியோட வந்து உள்ள போய் ஒளிஞ்சுக்காதீங்க. என் பக்கத்துல நிக்கணும் நீங்க.”

மறுநாள் காலை மீசை துணை நடிகர் சங்கத்துக்குப் போனார்.

சங்கத் தலைவரின் அறையில் ஒரு பெரிய நாற்காலியும், அதன் பின்சுவரில் அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் பெரிய படமும் இருந்தன. தலைவர் மீசையின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். மகளின் கல்யாணம் பற்றிய விவரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, எதிரில் ஒருவர் மட்டுமே இருந்தும், பொதுக்கூட்டத்துக்கான குரலில் பேசத் தொடங்கினார்.

“தோழரே, இந்த நாற்காலிக்கு நான் வந்து பதினோரு வருஷம் ஆகுது. தொழிலாளிக்கு எத்தனையோ சோதனை வந்திருக்கு. ஒரு தடவையாவது நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்ததுண்டா? கிடையாது. அவ்வளவு உறுதி. உங்க மீசைய ஒரு பெரிய டைரக்டர் ஞாபகம் வச்சிருக்கார்னா அது நம்ம இனத்துக்கே கௌரவம். என் மூஞ்சிய இதுவரைக்கும் ஒருத்தனும் ஞாபகம் வச்சதில்ல. அதனாலதான் தலைவரானேன். நீங்க தைரியமா இருங்க. சங்கத்துல இருக்கற அத்தனை பேரும் உங்க பின்னால நிப்பாங்க.”

பின்னால் நிற்பது அவர்களுடைய தொழில்தான் என்பதால் இந்த வாக்குறுதியில் மீசைக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வழி பிறக்கவில்லை. தலைவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். டைரக்டரைப் பார்க்க நேரம் வாங்கிக் கொடுத்தார்.

டைரக்டரின் அலுவலகத்தில் மதியம் வரை உட்கார்ந்தபின் அழைப்பு வந்தது. மீசை தன் கோரிக்கையைச் சொன்னார். மிச்சப் பாதியை எடுத்துவிடுகிறேன், கல்யாணம் முடிந்து படப்பிடிப்பு வரும்போது மேக்கப்காரர் அதே அளவில் பாதி மீசை ஒட்டிவிடட்டும். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். யாரோ தன் எதிரில் கெட்ட வார்த்தை பேசியதுபோல் அவர் முகம் போயிற்று.

“ஒட்டறதா? ஒட்டினா எனக்குத் தெரியும்.”

ஜனங்களுக்குத் தெரியாதே சார் என்றார் மீசை.

“ஜனங்களுக்காகவா நான் படம் எடுக்கறேன்? அவங்களுக்கு எதுவுமே தெரியாது. போன படத்துல பாட்டி வேஷத்துல ஒரு ஆம்பளைய நடிக்க வச்சேன், ஒருத்தன் கண்டுபிடிக்கல. அது வேற. அது கலை. இது ஏமாத்து வேலை.” கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு தீர்வும் சொன்னார். “கல்யாணத்தைத் தள்ளி வைங்க. கல்யாணம் எப்ப வேணா நடக்கும். இந்த ஷாட் ஒரு தடவைதான்.”

வெளியே வந்தபோது வரவேற்பறைச் சுவரில் படத்தின் விளம்பரம் ஒட்டியிருந்தது. ‘ஒரு முடிகூடப் பொய் இல்லை’ என்ற வரிக்கு மேல், ஹீரோவின் தலைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் போயிற்று. கல்யாணம் நெருங்கியது. கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை ஏஜென்ட்டிடமிருந்து தொலைபேசி வந்தது. ஹீரோவின் கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது. திங்கட்கிழமை படப்பிடிப்பு. அதற்கு முன் இன்றே மூன்றாம் தளத்துக்கு வந்து மீசையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமையே எடுக்கக் கூடாதா என்று மீசை கேட்டார். சனிக்கிழமை ஹீரோ ஓய்வெடுக்கிறார் என்றார் ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு ஒரு யோசனையும் சொன்னார். மீசைதான் பழகிய ஆளாயிற்றே, மகளின் பக்கத்தில் பக்கவாட்டாக நின்றுவிட்டால் போகிறது, கேமரா எந்தப் பக்கம் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

சலூன் செட்டில் தூசி தட்டியிருந்தார்கள். கன்டினியூட்டி தன் உறையிலிருந்து ஜூன் மாதத்துப் புகைப்படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இது எப்படி இந்தப் பக்கம் வந்துச்சு?”

எது சார் என்றார் மீசை.

“படத்துல வலது பக்கம் மீசை இருக்கு. உங்களுக்கு இடது பக்கம் இருக்கு.”

அரைமணி நேரத்தில் விசாரணை கூடிவிட்டது. டைரக்டர் நடுவில் உட்கார்ந்தார். தயாரிப்பு நிர்வாகி ஒரு பக்கம், கன்டினியூட்டி ஒரு பக்கம். தொழிலாளியின் உரிமையைக் காக்க சங்கத் தலைவர் வரவழைக்கப்பட்டு, அவருக்கும் நிர்வாகத்தின் பக்கமே நாற்காலி போடப்பட்டது. மீசை நின்றார். வாராவாரம் அளந்துவிட்டுப் போன உதவி இயக்குநரைக் கேட்டார்கள். நீளத்தை அளக்கத்தான் தனக்கு உத்தரவு, பக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்றார் அவர்.

மீசைக்கு முதலில் எதுவும் புரியவில்லை. தன் மேலுதட்டைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் விளங்கியது.

“சார், அன்னைக்கு எனக்கு முன்னாடி லைட்டு இருந்துச்சு. நீங்க பின்னாடி நின்னு கண்ணாடியில தெரிஞ்ச மூஞ்சிய எடுத்தீங்க. அதான் இடம் வலமாத் தெரியுது. இதோ பாருங்க, சுவத்துல காலண்டர்ல எழுத்தெல்லாம்கூடத் திரும்பியிருக்கு.”

கன்டினியூட்டி டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் படத்தை வாங்கிக் காலண்டரை உற்றுப் பார்த்தார். எழுத்துகள் திரும்பித்தான் இருந்தன. ‘ஜூன்’ என்பது ‘ஜூன்’ போலவே இல்லை.

“ஆர்ட் டைரக்டரக் கூப்பிடுங்க. ஒரு காலண்டரக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?”

ஆர்ட் டைரக்டர் சுத்தியலோடு ஓடி வந்தார். படத்தைக் காட்டினார்கள். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அதில் எழுத்துகள் நேராக இருந்தன. டைரக்டரின் முகத்தைப் பார்த்தார். அது நேராக இல்லை.

“தப்புதான் சார். அன்னைக்குத் திரும்பி அடிச்சிருந்தது. நடுவுல யாரோ நேராக்கிட்டாங்க போல. திங்கக்கிழமைக்குள்ள பழையபடி திருப்பி அடிச்சு மாட்டிடறேன்.”

ஒத்துக்கொண்டதற்காக டைரக்டர் அவரைப் பாராட்டினார். தவறு செய்வது மனித இயல்பு, மறைப்பதுதான் குற்றம் என்றார். ஆர்ட் டைரக்டர் சுத்தியலோடு திரும்பிப் போனார். அவர் வேலை தப்பியது. எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீசை அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து கன்டினியூட்டி எழுந்து பேசினார்.

“இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். என் ஃபோட்டோவும் நிஜமும் ஒத்துப்போகாத சந்தர்ப்பம் நிறைய வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் நிஜத்தைத்தான் சார் திருத்தியிருக்கோம். ஒரு நாளும் ஃபோட்டோவத் திருத்தினதில்ல.”

சங்கத் தலைவர் கைதட்டினார். பிறகு, தான் எந்தப் பக்கம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

தயாரிப்பு நிர்வாகி காரியத்துக்கு வந்தார். இரண்டில் ஒன்று, என்றார். மீசை குற்றமற்றவர் என்றால் இப்படியே போய், இப்படியே திங்கட்கிழமை காலை வர வேண்டும். ஒரு முடி குறையக் கூடாது. பக்கம் மாற்றியது அவர்தான் என்றால் இந்தக் கணமே கன்டினியூட்டியிலிருந்து நீக்கப்படுவார். கூட்டத்தின் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, வேறு மீசைக்காரரை உட்கார வைத்து, படத்தில் உள்ளபடி மழித்துக்கொள்ளலாம். மோசடி செய்த பாதியை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துவிட வேண்டும், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும். சங்கம் ஆறு மாதம் தடை போட வேண்டும்.

ஆறு மாதம் எல்லாம் எதற்கு, ஒரு வருடமே போடலாம் என்று சங்கத் தலைவர் சொன்னார். நிர்வாகிதான் ஆறு மாதம் போதும் என்று குறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சனி ஒன்றுதான் இருந்தது. மீசை, எல்லோர் முன்னிலையிலும் எடுத்துவிட வேண்டும் என்று நிர்வாகி சொன்னதை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“நான்தான் சார் மாத்தினேன்.”

டைரக்டர் முன்னால் சாய்ந்தார். ஏன் மாற்றினாய் என்று கேட்டார்.

“மூணு மாசமா ஒரே பக்கம் இருந்துச்சு சார். ஒரு மாறுதலுக்கு இந்தப் பக்கம் வச்சுப் பார்த்தேன்.”

ஒரு மேலுதட்டில் மீசை எப்படிப் பக்கம் மாறும், அதற்கு எத்தனை நாள் பிடிக்கும், நடுவில் அளக்க வந்தவர் கண்ணில் எப்படிப் படாமல் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கன்டினியூட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் ஃபோட்டோ பொய் சொல்லாது என்று எல்லோரிடமும் ஒருமுறை சொன்னார். நிர்வாகி சலூன்காரரை அழைத்துவரச் சொன்னார்.

யூனிட் முழுவதும் செட்டைச் சுற்றி நின்றது. மீசை அதே நாற்காலியில், அதே கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்தார். நடிக்கும் நாற்காலியில் அவர் உட்கார்வது இது இரண்டாவது தடவை. சலூன்காரர் சோப்பு நுரையைக் குழைத்துத் தடவும்போது, என்னங்க இது அநியாயம் என்று காதோரம் முணுமுணுத்தார். வேர் வரைக்கும் எடுங்க என்று மட்டும் மீசை சொன்னார்.

கத்தி இறங்கும்போது டைரக்டர் உரையாற்றினார். நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். ஒரு மீசையை நம்பி ஒரு காட்சி, ஒரு காட்சியை நம்பி ஒரு படம், ஒரு படத்தை நம்பி ஒரு தேசத்தின் ரசனையே இருக்கிறது என்றார். உண்மை இல்லாதவனுக்குக் கலையில் இடமில்லை என்று சொல்லும்போது, மேக்கப்காரர் ஹீரோவின் புதிய விக்கைப் பெட்டியோடு கொண்டுவந்து காட்ட, பேச்சை நிறுத்தாமலே அதைத் தடவிப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

மீசை தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. தன் பழைய சாவு வீட்டுக் காட்சிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, தோளைக் குலுக்கினார். பதினெட்டு வருடத் தொழிலில் அவர் நடித்தது அன்றுதான். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் இரண்டு பேர் கண்கலங்கினார்கள். அது சம்பளத்தில் சேராத அழுகை.

முகத்தைத் துடைத்ததும், தண்டனை நிறைவேறியதற்கு ஆதாரம் வேண்டுமென்று கன்டினியூட்டி ஒரு புகைப்படம் எடுத்தார். முன்னால் விளக்கு ஸ்டாண்டு இருந்தது. இந்த முறையும் பின்னால் நின்றே எடுத்தார்.

வீட்டில் கதவைத் திறந்த மனைவி இந்தத் தடவை ஸ்டூலைத் தேடவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கத்தி வெட்டுக்கு ஏதாவது போட்டார்களா என்று கேட்டாள். நடந்ததை அவர் சொன்னார். ஆறு மாதம் என்றதும் அவள் முகம் மாறியது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அந்த ஆறு மாதத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றாள். மகள் அன்று மாலை மருந்துக்கடையிலிருந்து வந்து அப்பாவைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, மேலுதட்டில் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஃபோட்டோகிராபர் சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்தினார். அப்பா எங்கே என்று கேட்டார். மீசை பழக்கத்தில் பின்வரிசைக்குப் போய், ஒரு உயரமான ஆளின் தோளுக்குப் பின்னால், முகம் மறையும்படி சரியான இடத்தில் நின்றிருந்தார். அப்படி நின்றதை அவரே கவனிக்கவில்லை.

“அப்பா, கூட்டத்துல நிக்காதீங்க. இங்க வாங்க.”

அவர் முன்னால் வந்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று ஃபோட்டோகிராபரைக் கேட்டார். கேமராவைத்தான் என்றார் ஃபோட்டோகிராபர். கேமராவை நேராகப் பார்க்கக் கூடாது என்றுதான் இத்தனை வருடம் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் கொஞ்சம் நேரமெடுத்தது. மாப்பிள்ளையின் அம்மா அவருடைய மேலுதட்டை ஆராய்ந்துவிட்டு, பக்கத்தில் இருந்த தன் தங்கையிடம், பரவும் என்று அன்றைக்கே சொன்னேனே, இந்தப் பக்கமும் கொட்டிவிட்டது என்றார்.

திங்கட்கிழமை வேறொருவர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார். புகைப்படத்தில் உள்ளபடி அவருடைய இடது பாதி மழிக்கப்பட்டது. சுவரில் திருப்பி அச்சிட்ட காலண்டர் தொங்கியது. இரண்டு ஷாட்டுகளையும் ஒட்டிப் பார்த்தபோது மீசை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியது. ஜூன் மாதத்து ஷாட்டை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுச் சரிசெய்தார்கள். அப்போது ஹீரோவின் கன்னத்து மச்சம் பக்கம் மாறியது. படம் முழுவதும் மச்சத்தைக் கம்ப்யூட்டரில் இடம் மாற்றினார்கள். அதற்கு நான்கு மாதம் பிடித்தது.

படம் பிப்ரவரியில் வெளியானது. சலூன் காட்சியில் அந்த நாற்காலியை ஹீரோவின் தோள் மறைத்திருந்தது. யதார்த்தமான ஒப்பனைக்காகப் படத்துக்கு ஒரு விருது கிடைத்தது. கன்டினியூட்டியும் மேடைக்கு அழைக்கப்பட்டார். மீசையின் தடை மார்ச்சில் முடிந்தது. மகளின் கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் மணமகளுக்கு அருகில் அவர் நிற்கிறார். முகம் முழுவதும் தெரிகிறது.